அளவைக் கூட்டச் சொன்ன கோடை

எங்கள் வீட்டில் இரண்டு எஞ்சினியர்கள். இருவருக்கும் மின்சாரம்தான் பிழைப்பு. என் அண்ணன், கிரிட் என்கிற மின்கம்பி வலை வழியாக வட இந்தியாவில் எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் என்று பங்கிடும் டெல்லி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். என் கணவர் கல்யாணமான புதிதில் ஓர் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்தவர். பிறகு டெல்லிக்கு மாற்றலாகி, உலைகளின் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் சிறிய குழுவில் சேர்ந்தார். ஒருவர் மின்சாரம் போதவில்லையே என்று கவலைப்படச் சம்பளம் வாங்கினார். இன்னொருவர் அதை உண்டாக்கும் இடத்தில் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்படச் சம்பளம் வாங்கினார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். நான் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்தேன். அண்ணன் குடும்பம் முனிர்காவுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் இங்கே வருவார்கள், அல்லது நாங்கள் பஸ் பிடித்து அங்கே போவோம். திருநெல்வேலிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாக வேண்டும். மதினி வைக்கும் சொதிக்கு என் கணவர் அடிமை. அண்ணனும் அவரும் சாப்பிட்டு முடித்துப் பாயில் சாய்ந்து, அலுவலகக் கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் ஹாலில் ஹிந்தியில் சண்டை போடும். இந்தச் சிநேகத்துக்கு ஒரு குறையும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த வருஷம் கோடை ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் சமைக்கிற நேரத்தில் ஒரு தடவை மின்சாரம் போகும். கூலர் நின்றதும் வீடு அடுப்பாகிவிடும். பிள்ளைகள் "பிஜ்லி கயீ!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடும். வகுப்பில் நான் மின்சாரப் பாடம் எடுக்கும்போது தலைக்கு மேலே மின்விசிறி நின்று போக, பிள்ளைகள் எல்லாம் சிரித்த நாட்கள் உண்டு.

மே மாதம் மதினிக்குப் பித்தப்பையில் கல் என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வைத்தார்கள். காலை நேரம்தான். அண்ணனும் நானும் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இருக்கிறது, இப்போது வந்துவிடும் என்றார்கள். பின்பக்கத்தில் யாரோ அதை இழுத்து இழுத்துக் கிளப்புவது கேட்டது. அது செருமிவிட்டு அடங்கும், மறுபடி செருமும். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். கையுறையில் ரத்தம்.

"டார்ச் ஹை கிஸீ கே பாஸ்? ஜல்தி!"

யாரிடம் டார்ச் இருக்கிறது என்று கேட்கிறாள். அண்ணன் எழுந்தார். ஓடவில்லை. அப்படியே நின்றார். நான்தான் வார்டு வார்டாக ஓடி, யாரோ ஒரு சர்தார்ஜியின் கையிலிருந்த பெரிய டார்ச்சை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அந்த வெளிச்சத்தில்தான் தையல் போட்டார்கள். மதினி பிழைத்துக்கொண்டார். ஆனால் புண் சீழ் பிடித்து, மாதக் கணக்கில் படுக்கை. எழுந்து நடமாடும்போது பாதி ஆளாக இருந்தார்.

அண்ணன் அதற்குப் பிறகு மாறிவிட்டார். முன்பெல்லாம் மின்வெட்டு அவருக்கு அலுவலகத்துக் கணக்கு. இப்போது ஒவ்வொரு தடவை விளக்கு அணையும்போதும் அவர் முகம் இறுகுவதைப் பார்த்தேன்.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், டெல்லிக்கும் பங்கு வரும் அணுமின் நிலையம் ஒன்றில் ஓர் உலையை அதன் முழு அளவுக்கு ஓட்டாமல் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கொதிகலனில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் ஓடுவது உலையின் சூடான தண்ணீர். வெளியே இருப்பது நீராவியாகிற தண்ணீர். இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. முன்பு சில குழாய்கள் கசிந்ததால் அவற்றை அடைத்து, மற்றவற்றுக்குச் சுமை கூடாமல் இருக்க உலையின் அளவைக் குறைத்திருந்தார்கள். அந்தக் கோடையில், அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது மட்டுமல்ல, கட்டியபோது நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓட்டலாம் என்று ஒரு யோசனை மேலிடத்தில் எழுந்தது. அந்த யோசனையை வலுவாகப் பேசியவர்களில் அண்ணனும் ஒருவர். அதைப் பரிசீலிக்க வேண்டிய குழுவில் என் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் மதினி கட்டிலில் சாய்ந்திருக்க, நான் சமைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஹாலில்.

"மாப்ள, ஒங்க கமிட்டிக்கு என்னதான் வேணும்? உலை நல்லாத்தான ஓடுது?" என்றார் அண்ணன்.

"நல்லா ஓடுது மச்சான். இந்த அளவுல நல்லா ஓடுது. கூட்டினா எப்படி ஓடும்னு தெரியல. அததான் கேக்கேன்."

"டிசைன் பண்ணுனவன் எப்பவும் கொஞ்சம் மிச்சம் வச்சுத்தான் பண்ணிருப்பான்."

"அந்த மிச்சம் நமக்கு விக்கதுக்கு வச்சது இல்ல மச்சான். தப்பு நடக்கிற அன்னைக்கு வேணும்னு வச்சது."

"டி.டி.சி. பஸ்ல நித்தம் தொங்கிட்டுத்தான் போறோம். போய்ச் சேராமலா இருக்கோம்?"

"போய்ச் சேருதோம். அவன் சடன் பிரேக் அடிக்க வேண்டிய அன்னைக்குத்தான் எத்தன பேரு ஏறியிருக்கோம்னு தெரியும்."

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிரேக்கு பிரேக்குன்னு நீங்க யோசிச்சிட்டே இருங்க. இங்க கரண்டு இல்லாம சாவுறவன் எந்தக் கணக்குலயும் வரமாட்டான். அவன் செத்தது ஹார்ட்டுன்னு எழுதுவான், வெயில்னு எழுதுவான். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்னேன் மாப்ள. நீங்க நிக்கல."

 கட்டிலில் இருந்த மதினி, "போதும், சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்றார். யாரும் நகரவில்லை.

என் கணவர்தான் கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "மச்சான், ஒண்ணு கேக்கேன். ஒங்க கிரிட் அடிக்கடி விழுதுல்லா? அது விழுந்தா உலையில தண்ணிய ஓட்டுத பம்பு நிக்கும். டீசல் ஜெனரேட்டர் செட்டு வந்து பிடிக்கணும். அளவைக் கூட்டி ஓட்டும்போது அந்தச் சூட்டைத் தணிக்க நமக்குக் கிடைக்கிற நேரம் குறையும். இந்தக் கோடையில கிரிட் விழாதுன்னு நீங்க சொல்ல முடியுமா?"

 அண்ணன் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். "அது எப்படி மாப்ள சொல்ல முடியும்? இப்ப இருக்கிற இழுப்புக்கு எந்நேரமும் விழும்."

"அப்ப நான் மட்டும் எப்படிச் சொல்லட்டும்?"

கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்ற எனக்கு, இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. மின்சாரம் குறைவதால் கிரிட் மொத்தமாக நின்று விழுகிறது. கிரிட் விழுவதால் உலைக்கு ஆபத்து. உலையின் அளவைக் கூட்டினால் மின்சாரம் கூடும், ஆபத்தும் கூடும். எங்கே வெட்டுவது இதை? அன்றைக்கு மிச்சமான சொதியை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. சண்டை என்று யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கு வேலை இருக்கும், எங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். பள்ளிக்குக் கோடை லீவு என்பதால் நான் மட்டும் போய் மதினியைப் பார்த்துவிட்டு வருவேன்.

குழுவில் என் கணவர் ஒற்றையாளாக இருந்தார் என்று சொன்னால் அது உண்மையில்லை. அவரைப் போலவே சந்தேகப்பட்டவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர். ஆனால் மேலிருந்து நெருக்கடி பலமாக இருந்தது. நாட்டுக்காக ஒரு கோடை பொறுக்க முடியாதா என்று ஒரு பெரிய அதிகாரி மேஜையைத் தட்டிக் கேட்டாராம். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒரேயடியாகக் கூட்டாமல், படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் சில நாள் நிறுத்தி, எல்லாவற்றையும் அளந்து, சரியாக இருந்தால்தான் அடுத்த படி. குழுவின் சார்பில் என் கணவர் அங்கே போய் இருக்க வேண்டும். கிரிட் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றபோது, அண்ணன் தானே பெயர் கொடுத்தாராம்.

இதைக் கேட்டு மதினிதான் முதலில் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "ரெண்டு பேரையும் ஒரே கெஸ்ட் ஹவுஸ்ல போட்டுருக்கான். நல்லா வேணும்."

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியே சொல்லித்தான் தெரியும். இருவர் சொன்னதும் நடந்த விஷயத்தில் ஒத்துப்போயிற்று; அவரவருக்கு அது என்னவாக இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

முதல் படி ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் உலையின் கன்ட்ரோல் ரூமுக்குப் போனது அதுதான் முதல்முறை. அத்தனை அமைதியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆபரேட்டர்கள் டீ குடித்துக்கொண்டு, மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்களாம். டெல்லிக்கு அன்றே கொஞ்சம் கூடுதல் மின்சாரம் வந்தது. அண்ணன் ட்ரங்க் கால் போட்டு அலுவலகத்தில் சொன்னார். மச்சானும் மாப்பிள்ளையும் மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டார்கள். உலையைத் தவிர வேறு எல்லாம் பேசினார்கள்.

இரண்டாம் படியில்தான் விஷயம் வந்தது. கொதிகலன் தண்ணீரை அவ்வப்போது மாதிரி எடுத்து, உலைத் தண்ணீர் அதில் துளியாவது கலந்திருக்கிறதா என்று பரிசோதனைக் கூடத்தில் பார்ப்பார்கள். கொஞ்சமாக ஓர் அளவு எப்போதும் இருக்கும். இவ்வளவு வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பும் உண்டு. இரண்டாம் படிக்கு ஏற்றிய மறுநாள் அந்த அளவு லேசாக ஏறியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வரம்பைத் தொட இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ஒரு விளக்கும் சிவப்பாகவில்லை.

என் கணவர் நிலைய அதிகாரியிடம் போய், உலையின் அளவைப் பழையபடி இறக்க வேண்டும், இறக்கி நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும் என்றார்.

நிலைய அதிகாரி நல்ல மனிதர், அனுபவஸ்தர். "அனுமதித்த அளவுக்குள்தானே இருக்கிறது?" என்று கேட்டார். 

"அளவுக்குள்தான் இருக்கு சார். ஆனால் நின்ன இடத்தில் நிக்கல. நாம ஏத்தினதும் அது ஏறுது."

அண்ணனும் அந்த அறையில் இருந்தார். தன் கடமை என்று நினைத்து எழுந்து பேசினார். வரம்பு என்று ஒன்றை நீங்களேதான் வைத்தீர்கள். அதைத் தொடுவதற்கு முன்பே பயந்தால் அப்புறம் வரம்பு எதற்கு. டெல்லியில் இன்றைக்கு வெயில் என்ன தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். என் கணவர் நிலைய அதிகாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வெளியே ஒரு நடை போய்விட்டு வந்து, "இறக்குங்கள்" என்றார்.

உலையை நிறுத்தினார்கள். டெல்லிக்கு வந்துகொண்டிருந்ததும் போயிற்று. அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத நாள்கூட இருந்தது. பால் திரிந்தது. மாடியில் குடியிருந்த கைக்குழந்தைக்காரி குழந்தையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கால் கூசியது. இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உள்ளே திறந்து பார்த்தபோது சில குழாய்கள் தேய்ந்திருந்தன. நீராவி வேகமாகப் போனதில் குழாய்கள் அதிர்ந்து, தாங்கியில் உரசி உரசித் தேய்ந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒன்றில் முடி அளவுக்கு விரிசல். நல்லவேளை, கண்டுபிடித்தோம் என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடியவில்லை. நிபுணர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விட்டிருந்தால் ஒரு மாதத்தில் உடைந்திருக்கும் என்றார் ஒருவர். இன்னும் பல வருஷம் அப்படியே ஓடியிருக்கும், இது வழக்கமான தேய்மானம் என்றார் இன்னொருவர். உடைந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம் என்றார் மூன்றாமவர். நடக்காமல் போன ஒன்றை யார் அளந்து சொல்ல முடியும்? யோசனையைக் கைவிட்டார்கள். உலை பழைய குறைந்த அளவிலேயே ஓடியது. அடுத்த குழு அமைத்தபோது அதில் என் கணவர் இல்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மழை வந்து வெயில் தணிந்த பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் இன்னும் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவிய இன்னும் வரலியா?"

"வார நேரந்தான். இரு."

"ஏட்டி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லுதேன். அந்த கன்ட்ரோல் ரூம்ல நான் நின்னேம்லா, எனக்குப் பயமே வரல. கொஞ்சங்கூட வரல. முள்ளு எல்லாம் அது அது இடத்துல நிக்கி. ஏசி சில்லுன்னு இருக்கு. அந்த அதிகாரி நாற்காலியில நான் இருந்தா இன்னும் கூட்டுன்னுதான் சொல்லியிருப்பேன். டெல்லிக்கு வந்து யோசிச்சுப் பாக்கேன்... அதுதான் இப்ப பயமா இருக்கு."

"இத அவியகிட்ட சொல்லேன்" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். இப்ப வந்தா சொல்ல முடியுமான்னு தெரியல."

என் கணவர் வந்தார். அண்ணனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, "வாங்க மச்சான், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். அண்ணன் சரி என்றார். அவர் சொல்ல வந்ததைச் சொன்னாரா என்றால், என் காதுபடச் சொல்லவில்லை. இருவரும் வெளியே நடந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது மதர் டெய்ரி பாலும் ஒரு பெரிய தர்பூசணியும் அண்ணன் கையில் இருந்தன.

அதற்கும் பிறகு வேறொரு நாட்டில் ஓர் உலை வெடித்து, பேப்பர் முழுக்க அதுவே செய்தியாக இருந்த நாட்களில், தெரிந்தவர்கள் பலர் என் கணவரிடம் வந்து, "அன்னைக்கே நீங்க சொன்னீங்களே" என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. அது வேறு வகை உலை, அங்கே செய்த தப்பு வேறு, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்கிச் சலித்துப்போனார். பாராட்டைக் கூட இப்படித் திருத்திக் கொடுக்கிற மனிதரை என்ன செய்வது என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று அவர் என்னிடம் சொன்னது இது: "அந்த வாரம் நான் நிறுத்தினதுல எத்தன வீட்ல இருட்டு, எந்த ஆஸ்பத்திரியில டார்ச் தேடினாங்கன்னு எனக்குத் தெரியாது. அது தெரியாம எனக்கு என்ன பாராட்டு?" அதுவரை அவர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் இறுதியில் இன்னொரு நிலையத்தில் அதே கேள்வி வந்தது. உலையின் அளவைக் கூட்டலாமா? இந்தத் தடவை அவரைக் கூப்பிட்டார்கள். இவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். அவர் கேள்விகளாகக் கேட்டார். பழைய குழாய்களை மாற்றினார்கள். இன்னொரு டீசல் செட் வைத்தார்கள். கிரிட் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உலையைக் குறைந்த அளவில் ஓட்டிச் செய்தே பார்த்தார்கள். அதற்குள் ஒரு கோடை போய் இன்னொன்றும் போயிற்று. திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. கடைசியில் அவர் கூட்டலாம் என்று சொன்னார்.

அண்ணனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "மாப்ள, நல்லா யோசிச்சிட்டீயளா? ஒங்களுக்குப் பயமில்லையா?"

"இருக்கு மச்சான். ஆனா இந்தத் தடவ கேட்டதுக்கெல்லாம் பதில் வந்துச்சு."

"எல்லாத்துக்குமா?"

"கேக்கத் தெரிஞ்சதுக்கெல்லாம்."

அளவைக் கூட்டும் நாட்களில் அவர் அங்கேயே போய் இருந்தார். அங்கே குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள், நாமும் இருப்போம் என்று என்னையும் கூட்டிப் போனார். பள்ளிக்கு லீவு போட்டேன். நிலையத்தின் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அவர் காலையில் போவார். நான் வாசலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும், சைக்கிளில் காய்கறி விற்கிற ஆளோடு பேரம் பேசுகிற பெண்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "டெல்லியிலிருந்து எதற்கு வந்திருக்கிறீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டாள். உலையின் அளவைக் கூட்டுகிறார்கள், என் வீட்டுக்காரர் அதைப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன்.

"அச்சா" என்றாள். பிறகு, "நீங்களும் கூடவே வந்தீர்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கீர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள்.